பிலிம் கேமரா: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பழைய பிலிம் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) கேமரா பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஐந்துக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் ஒருவர் கேனன் ஏஇ-1 'மின்ட் கண்டிஷன்' என்று 11,500க்குத் தருகிறார். எங்கள் ஊர்ப் பழைய கேமரா கடையில் பென்டாக்ஸ் கே1000, 50 எம்.எம். லென்ஸோடு 9,000 சொல்கிறார்கள். அது கொஞ்சம் அடிபட்டது போல இருக்கிறது. எதை வாங்கலாம்? (மாணவி, கும்பகோணம்)

பதில்: கே1000ஐ வாங்குங்கள், கீழே சொல்கிற சோதனைகளில் அது தேறினால்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 36 படம் வருகிற கலர் ரோல் 900 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஷட்டரை ஒருமுறை அமுக்கினால் 39 ரூபாய் போகிறது. பத்து ரோல் எடுத்தால் 14,000. கேமராவைவிட அதிகம். கையிருப்பு முழுவதையும் கேமராவில் கொட்டிவிட்டு, ரோல் வாங்கக் காசில்லாமல் அதை ஷோகேஸில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மிச்சமாகிற 3,000 உங்களுக்கு இரண்டு ரோல்.

இரண்டு கேமராவுமே 1976இல் வந்தவை. ஆனால் உள்ளே வேறு வேறு ஜாதி. ஏஇ-1இன் ஷட்டரை, அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையை, இயக்குவது மின்சாரம். 6 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால் கேமரா அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போனால், அதே மாடலில் இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும். கே1000 முழுக்க முழுக்கப் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். அதில் போடுகிற பட்டன் செல், ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். செல்லே இல்லாவிட்டாலும் 1 செகண்டிலிருந்து 1/1000 வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் வேலை செய்யும். 1997 வரை இதைத் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதால் லென்ஸும் பாகமும் இன்னும் கிடைக்கின்றன. கற்றுக்கொள்கிறவருக்கு இன்னொரு லாபம்: இதில் ஆட்டோ என்று எதுவும் கிடையாது. ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டையின் அளவு), ஃபோகஸ் மூன்றையும் நீங்கள்தான் வைத்தாக வேண்டும்.

நிக்கான் எஃப்எம்10 கிடைத்தாலும் யோசிக்காமல் பாருங்கள். அதுவும் பேட்டரியில்லாமல் ஓடுகிற மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

இனி கடையில் செய்ய வேண்டியது. செல்போன் டார்ச்சும், புதிதாக ஒரு எல்ஆர்44 பட்டன் செல்லும் கையோடு எடுத்துப் போங்கள். லென்ஸைக் கழற்றச் சொல்லி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஓடியிருந்தால் அது ஃபங்கஸ். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பழைய லென்ஸ் பலவற்றில் அது இருக்கும். ஓரத்தில் ஒரு புள்ளி என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் அந்த லென்ஸே வேண்டாம்.

அடுத்து பின்மூடியைத் திறந்து ஷட்டர். வேகத்தை 1 செகண்டில் வைத்து அமுக்குங்கள். 'கிர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடி மூட வேண்டும். பாதியில் தயங்கினாலோ, திறந்தபடி நின்றாலோ உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் செலவு நிச்சயம். பிறகு 1/1000இல் வைத்து, கேமராவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி அமுக்குங்கள். கண்ணிமைக்கும் நேரம் வெளிச்சம் தெரிய வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் திரை சரியாகத் திறக்கவில்லை.

பின்மூடி உட்காரும் பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டியிருக்கும். பல்குத்தியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தார் போலக் கையில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும், படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். இதை மாற்றுவது சின்ன வேலை, ஆனால் பேரத்தில் சொல்லிக் காட்டலாம். செல் போடும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் செல்லைப் போட்டு, வ்யூஃபைண்டரில் கண் வைத்து ஜன்னல் பக்கமும் மேஜைக்கு அடியிலும் காட்டுங்கள். வலது ஓரத்து முள் ஏறி இறங்க வேண்டும். வெளியே பெயின்ட் போனது, மூலையில் நசுங்கியது எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

கடைசியாக பில். கேமராவின் சீரியல் நம்பர், லென்ஸின் நம்பர், 'ஒரு ரோல் போட்டுப் பார்த்து 15 நாளில் குறையிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்ற வரி, மூன்றும் பில்லில் வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் பொருளானாலும் வியாபாரி விற்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கேட்க முடியும். ஆன்லைனில் ஒரு தனிநபர் தன் பழைய கேமராவைத் தள்ளிவிட்டால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது கஷ்டம். 'அன்டெஸ்டட்' என்று போட்டிருந்தால் கிட்டேயே போகாதீர்கள். ஒரு செல் போட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லையாம்!

கேள்வி: கடையில் எஸ்.எல்.ஆர். வாங்கி முதல் ரோல் எடுத்தேன். லேபில் "ஒண்ணுமே விழலை, கேமரா கோளாறு" என்கிறார்கள். கடைக்காரரோ "ரோலைச் சரியா மாட்டலை, இல்லேன்னா லேப்காரன் கெடுத்துட்டான்" என்கிறார். யாரிடம் பணம் கேட்பது? (விருதுநகர்)

பதில்: நெகட்டிவைக் கேளுங்கள். அதுதான் சாட்சி. ஸ்கேனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் லேப்கள் இருக்கின்றன. ரோலைக் கொடுக்கும்போதே 'நெகட்டிவ் வேண்டும்' என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

கிடைத்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் படங்களின் எண்ணும் ஓரத்தில் வந்திருக்கும். அவை கம்பெனியிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. கழுவினால்தான் தெரியும். எழுத்து பளிச்சென்று தெரிந்து, நடுவில் மட்டும் படம் இல்லை என்றால் லேப் சரியாகத்தான் கழுவியிருக்கிறது. பிலிமின் மீது வெளிச்சம் படவே இல்லை. ஓரத்து எழுத்தும் இல்லாமல், ரோலின் ஆரம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த பகுதியும் கறுக்காமல் இருந்தால் தப்பு லேபில். மொத்த ரோலும் கறுத்திருந்தால் யாரோ பின்மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

லேப் மேல் தப்பில்லை என்றால் மிச்சம் இரண்டே வாய்ப்பு: ஷட்டர் திறக்கவில்லை, அல்லது ரோல் நகரவில்லை. 36 முடிந்த பிறகும் லீவர் தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்ததா? அப்படியானால் ரோல் மாட்டியதில்தான் பிசகு. நுனியை வலது பக்கத்து உருளையின் பிளவில் நுழைத்து, இரண்டு ஓரத்து ஓட்டைகளும் பல்சக்கரத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மூட வேண்டும். மூடியதும் இடது பக்கக் குமிழை அம்புக்குறிப் பக்கம் லேசாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, ரோல் நகரவில்லை. எண் காட்டும் முள்ளை நம்பாதீர்கள், ரோலே இல்லாமலும் அது ஓடும்.

கடைக்குப் போய், பின்மூடியைத் திறந்து வைத்து அவர் முன்னாலேயே ஷட்டரை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் பணத்தைக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வாங்கி 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: பிலிம் போட்டோகிராபி வகுப்புக்கு வார இறுதி இரண்டு நாளைக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா, நாமாகவே கற்க முடியாதா? (மதுரை)

பதில்: அந்த 6,000இல் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு ரோல், இருட்டறையில் நீங்களே கழுவுவது, பிரிண்ட் போடுவது இருந்தால் நியாயம். கேமராவைச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்புகிற வகுப்பானால் வேண்டாம். அதை வீட்டிலேயே கற்கலாம்.

ரோல் போடாமலேயே ஒரு வாரம் கேமராவைக் கையாளுங்கள். அப்பர்ச்சர் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். எண் ஏற ஏற ஓட்டை சின்னதாகும், ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் வேகமும் அப்படித்தான், 1/125இலிருந்து 1/250க்குப் போனால் பாதி. ஒன்றில் ஒரு படி குறைத்து இன்னொன்றில் ஒரு படி கூட்டினால் வெளிச்சம் மாறாது. விரல் இதைத் தானாகச் செய்யப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீட்டரே இல்லாமல் எடுக்க ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு (வெளிச்சத்தை அது எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பதன் அளவு) பக்கத்து எண். 200 ஐ.எஸ்.ஓ. ரோலுக்கு 1/250. லேசான மேகத்துக்கு 11, முழு மூட்டத்துக்கு 8, வானம் தெரிகிற நிழலில் 5.6. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டியே விடுங்கள். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் சேறு பிடித்த நிறமாகிவிடும்.

மீட்டரை அப்படியே நம்பக்கூடாத இடமும் உண்டு. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா நிற்கிறார். மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், தாத்தாவின் முகம் கறுத்துப்போகும். கிட்டே போய் முகம் மட்டும் வ்யூஃபைண்டரை நிரப்பும்படி வைத்து முள்ளைச் சரிசெய்யுங்கள். அப்படியே பின்னால் வந்து, எதையும் மாற்றாமல் எடுங்கள். 50 எம்.எம். லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதானால் 1/60க்குக் கீழே போக வேண்டாம்.

முதல் மூன்று ரோலும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அப்பர்ச்சரை நோட்டில் குறியுங்கள். இல்லாவிட்டால் கழுவி வரும்போது எது ஏன் கெட்டது என்று தெரியாது.

கேள்வி: ஆன்லைனில் சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டிய ரோல் பாதி விலைக்கு வருகிறது. கடை ரோலில் சிலவற்றில் எம்.ஆர்.பி.யே இல்லை. வாங்கலாமா? (சென்னை)

பதில்: சினிமா ரோலை வாங்கும் முன் அதை யார் கழுவித் தருவார்கள் என்று கேளுங்கள். 250டி, 500டி என்று விற்கப்படுபவற்றில் பலவற்றின் முதுகில் ஒரு கறுப்புப் பூச்சு இருக்கும். சாதாரணக் கலர் லேபின் சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறை) மிஷினில் அதைப் போட்டால் பூச்சு கரைந்து மருந்தையே கெடுக்கும், கூடப் போன மற்றவர்களின் ரோலும் போகும். சொல்லாமல் கொடுத்துவிட்டு லேபோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஊரில் கறுப்பு-வெள்ளை கழுவ ஆளில்லை என்றால் இல்ஃபோர்டின் எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். கறுப்பு-வெள்ளைதான், ஆனால் கலர் மிஷினிலேயே கழுவலாம்.

இறக்குமதி செய்த பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம்-ஆண்டு, எம்.ஆர்.பி. கட்டாயம். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது குற்றம். தமிழ்நாட்டில் இந்தப் புகாரை எடுப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. ஸ்டிக்கர் இல்லாத ரோலில் காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள், பழைய சரக்கு அப்படித்தான் வருகிறது.

காலாவதி என்றதும் இன்னொன்று. அப்பாவின் பெட்டியில் பிரிக்காத 'இந்து' கறுப்பு-வெள்ளை ரோல் கிடைத்ததாகக் குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அது 1960இல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. தாராளமாகப் போட்டுப் பாருங்கள். காலாவதியாகிப் பத்து ஆண்டுக்கு ஒரு படி வீதம் வெளிச்சத்தைக் கூட்டுவது வழக்கம். கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் போகிறேன். ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் ரோல் கெட்டுவிடுமா? (திருச்சி)

பதில்: பழைய மிஷினில் 400 ஐ.எஸ்.ஓ. வரை ஓரிரு முறை போனால் பயமில்லை. புதிதாக வரும் சி.டி. ஸ்கேனர் (பையைப் பல கோணத்தில் படமெடுக்கும் எக்ஸ்ரே மிஷின்) ஒரே முறையில் கெடுக்கும். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்துத் தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி முன்கூட்டியே கேளுங்கள். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அந்த அதிகாரி கையில். கேமராவுக்குள் ரோலை விட்டுவைக்காமல் முடித்துச் சுற்றி எடுத்துவிடுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே கூடாது, அங்கே கதிர் இன்னும் பலம்.