வாங்கில் யார் இருக்கிறார் என்று பாருங்கள்

கேள்வி: நான் யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் ரசிகன். 2024-25 பருவத்தில் 17 ஆட்டம் வென்று 65 ஆட்டம் தோற்றார்கள். நிர்வாகமே வேண்டுமென்று தோற்கிறது என்கிறான் நண்பன். எந்த ஆட்டக்காரனாவது தோற்பதற்கென்று இறங்குவானா என்று சண்டை பிடித்தேன். யார் சொல்வது சரி?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி, தம்பி. ஆட்டக்காரன் தோற்க இறங்கமாட்டான் என்பதும் உண்மை. அடுத்த ஒப்பந்தம் அவன் எடுக்கும் புள்ளியில் இருக்கிறது. ஆனால் யார் இறங்குவது என்பதை அவனா முடிவு செய்கிறான்?

2022-ல் ரூடி கோபேர், டொனவன் மிச்சல் என்ற இரண்டு தூண்களையும் ஜாஸ் நிர்வாகம் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. மிஞ்சிய பெரிய ஆட்டக்காரர் லவ்ரி மார்க்கனன். நீங்கள் சொல்லும் பருவத்தில் 82 ஆட்டத்தில் அவர் ஆடியது 47. ஆடக்கூடிய நிலையில் இருந்தவரை இறக்கவில்லை என்று 2025 மார்ச்சில் போட்டியை நடத்தும் என்பிஏ சங்கம் அந்த அணிக்கு ஒரு லட்சம் டொலர் அபராதம் போட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காரணம் டிராஃப்ட். புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை முதலில் தெரிவு செய்யும் வாய்ப்புக்கு, அடுத்த சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்கிடையே லொத்தர் குலுக்குகிறார்கள். அடிமட்டத்தில் இருந்தால் வாய்ப்பு கூட. தோற்கும் ஆசையைக் குறைக்கத்தான் 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பை ஒரே அளவாக 14 சதவீதம் ஆக்கினார்கள். அப்படியும் ஆசை விடவில்லை. 65 தோல்வியோடு கடைசியாக வந்த ஜாஸுக்குத் தெரிவில் கிடைத்தது ஐந்தாவது இடம். அந்த விதிப்படி கடைசி அணி அதற்குக் கீழே இறங்கவே முடியாது. முதலிடம் போனது டலஸ் அணிக்கு, அதுவும் ஆயிரத்தில் 18 பங்கு வாய்ப்போடு.

பிலடெல்பியா அணி இதை ஒரு நீண்டகாலத் திட்டமாகவே செய்தது. 2013 முதல் மூன்று பருவத்தில் 47 வெற்றி, 199 தோல்வி. டிராஃப்டில் எம்பீட், சிமன்ஸ் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள். ஆனாலும் 2025 வரை கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றைக்கூட அவர்கள் தொடவில்லை. அந்த மூன்று வருடமும் காசு கொடுத்து உள்ளே வந்த சனத்துக்கு யார் பதில் சொல்வது? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இது அமெரிக்காவின் நோய் மட்டும் என்று நினைக்காதீர்கள். பல வருடத்துக்கு முன் நம் மாவட்டத்தில் ஒரு சுற்றுப்போட்டி. குழுவில் இரண்டாவதாக வந்தால் அரையிறுதியில் பலமான அணியைத் தவிர்க்கலாம். ஓர் அணியின் பயிற்றுவிப்பாளர் தன் உயரமான பையனைக் கடைசிக் கால்பகுதி முழுக்க வாங்கில் இருத்திவிட்டார். அவன் சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். இரண்டு தரம் எழும்பினான், இரண்டு தரமும் கையைக் காட்டி இருத்தினார். உள்ளே நின்ற ஐந்து பேரும் வியர்க்க வியர்க்க ஓடினார்கள். ஆறு புள்ளியில் தோல்வி. அந்த ஐந்து பேரில் ஒருவனும் வேண்டுமென்று தோற்கவில்லை. அணி மட்டும் வேண்டுமென்று தோற்றது. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மட்டக்களப்புக்கு இது வலிக்கவேண்டிய விஷயம். புனித மிக்கேல் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்குப் பந்தைக் கையில் கொடுத்துப் பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹெபர்ட் ஓர் அமெரிக்கர். 1990 ஆகஸ்டில் காணாமல் போனவர். அவரிடம் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளையைக் கணக்குப் பார்த்து வாங்கில் வைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று.

அதற்காக நீங்கள் அணியை விடவேண்டாம். ஆட்டக்காரர்கள் மேல் பழி போடுவதை மட்டும் நண்பரும் விடட்டும். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் காலை ஏழரை. ஒன்பது மணியளவில் கடைசிக் கால்பகுதி வரும். புள்ளி வித்தியாசம் ஐந்துக்குள் இருக்கும்போது, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு யார் இருக்கிறார், அவருக்குக் காயம் என்று அறிவித்தார்களா என்று பாருங்கள். ஐந்தாறு ஆட்டம் பார்த்துக் குறித்து அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.