ஒரு நூல் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. சென்னையில் செயற்கைக் கால்களும், வலுவிழந்த காலைத் தாங்கும் கம்பிச் சட்டங்களான காலிபர்களும் செய்யும் பிரிவில் இளைஞனாகச் சேர்ந்து, வேறு வேலைக்கே போகாமல், சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். தோலும் இரும்பும் தட்டிய காலத்தில் தொடங்கி, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகடு, கார்பன் ஃபைபர் என்று வந்து, முப்பரிமாண அச்சு வரை பார்த்துவிட்டேன். பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் எல்லாரும் மருத்துவர்களைப் பற்றியே பேசினார்கள். நான் வெறும் டெக்னீஷியன்தானே என்று எனக்கும் தோன்றியது. என் வேலையை இனி இயந்திரமே செய்துவிடும். மிச்சக் காலத்தில் இலக்கியம் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? என்னைப் போன்றவனுக்கு எழுத வருமா?

பணிவுடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் வேறொரு கோபத்தில் இருந்தேன். நகரில் ஒரு திருமண மண்டபத்தில் இலவச செயற்கைக் கால் வழங்கும் விழா. அழைத்தார்கள், போயிருந்தேன். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, காலைக் கையில் கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு பெரியவர் அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய ஊன்றுகோலிலேயே படியிறங்கினார். போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "போட்டால் கடிக்கிறது, தம்பி" என்றார். யாரிடம் போய்க் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. காலைக் கொடுத்தவர்களும் சொல்லியிருக்கவில்லை.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், வெறும் டெக்னீஷியன்தானே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மீதும் கோபம் வந்தது. மற்றவர்கள் உங்களைத் தாழ்த்தினால் அது அவர்களின் அறியாமை. நீங்களே தாழ்த்திக்கொண்டால், உங்களிடம் தவழ்ந்து வந்து நடந்து போனவர்களையும் சேர்த்தல்லவா தாழ்த்துகிறீர்கள்?

என் பெரியம்மா மகளுக்குக் குழந்தையிலேயே போலியோ. வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை காலிபர். முதலில் ஓரிடத்தில் செய்து வாங்கியது தொடையின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கியது. அக்கா யாரிடமும் சொல்லாமல் அதைப் பரண்மேல் போட்டுவிட்டு, கையால் முழங்காலை அழுத்திக்கொண்டே நடந்தாள். பிறகு வேறொரு பட்டறைக்கு அவளை அழைத்துப் போனோம். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்தவர் முதலில் காலைப் பார்க்கவில்லை. "எந்த பஸ்ஸில் போகிறாய், அம்மா? பஸ் படி எவ்வளவு உயரம்? கல்லூரியில் மாடி ஏற வேண்டுமா?" என்று கேட்டார். புதுக் காலிபரை மாட்டி, முழங்கால் பூட்டைப் போட்டு நிற்கச் சொன்னார். பூட்டைத் தூக்கி உட்காரச் சொன்னார். ஒரு பெஞ்சில் ஏறி இறங்கச் சொன்னார். பிறகு கழற்றிவிட்டு, பெரியம்மாவைக் கூட வைத்துக்கொண்டு தோலைப் பார்த்தார். சிவந்திருந்தது. "இரும்மா, பத்து நிமிடம் போகட்டும்" என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது எல்லா இடத்திலும் சிவப்பு மங்கியிருந்தது, ஓர் இடத்தில் மட்டும் மங்கவில்லை. அங்கே ஒரு நூல் அளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கம்பியை வெளியே வளைத்தார். அவ்வளவுதான் செய்தார். அக்கா அந்தக் காலிபரோடு படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள்.

அந்த ஒரு நூலைப் பற்றித்தான் நான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவரின் உடல் எடை முழுவதும் சாக்கெட்டில்தான், அதாவது மிச்சக் கால் நுழையும் கிண்ணத்தில்தான், இறங்குகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் அழுத்தத்தைத் தாங்கும். முன்னெலும்பின் விளிம்பு தாங்காது. வெளிப்புறம் துருத்தும் சிற்றெலும்பின் தலை கொஞ்சமும் தாங்காது. ஆகவே மிச்சக் காலைப் போலவே பாரிஸ் சாந்தில் வார்த்த அச்சை, தாங்கும் இடத்தில் சுரண்டுகிறீர்கள், தாங்காத இடத்தில் சாந்து பூசி உயர்த்துகிறீர்கள். அதன்மேல் சாக்கெட்டைச் செய்தால், சுரண்டிய இடத்தில் அது இறுக்கிப் பிடிக்கிறது, பூசிய இடத்தில் எலும்புக்கு இடம் கிடைக்கிறது. பிறகு சாக்கெட்டின் அடியில் ஒரு களிமண் உருண்டையைப் போட்டு நிற்கவைத்து, அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து, மிச்சக் காலின் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று அறிகிறீர்கள். உங்களுக்கே இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். அந்த மேடையில் நின்றவர்களுக்குச் சொல்கிறேன்.

இதோடும் முடிவதில்லை. கால் எடுத்த முதல் மாதங்களில் மிச்சக் கால் வற்றிக்கொண்டே வரும். ஜனவரியில் பொருந்திய சாக்கெட் ஜூனில் ஆடும். மிச்சக் காலில் ஒரு சாக்ஸ் கூட்டிப் போடுவார்கள், இரண்டு கூட்டிப் போடுவார்கள், பிறகு புது சாக்கெட்தான். குழந்தையாக இருந்தால் வளர வளர மாற்ற வேண்டும். இன்று சர்க்கரை நோயால் கால் இழந்து வருகிறவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குத் தோலில் உணர்ச்சியே இருக்காது. சாக்கெட் கடித்துப் புண்ணானாலும் வலிக்காது. வலிக்காத புண்ணை யாராவது கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீண்டும் வரச் சொல்லாமல் கொடுக்கப்படும் கால், அந்த மனிதரின் மிச்சக் காலையும் கொண்டுபோய்விடும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

மருத்துவர்களைப் புகழ்ந்தார்கள் என்ற வருத்தத்தை விடுங்கள். ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் காலை உருவாக்கியவர்கள் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்தர் சர்மாவும். 1981-இல் மகசேசே விருது சேத்திக்கு வந்தது. அவர் அதற்கு முழுத் தகுதியுள்ளவர். ஆனால் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத சர்மாவின் கை சேராமல், சம்மணமிட்டு உட்காரவும் செருப்பில்லாமல் வயலில் இறங்கவும் ஏற்ற அந்த ரப்பர் பாதம் உருவாகியிருக்காது. அந்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2022-இல் நம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் மூட்டு வெளிவந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மூட்டுக்கு மேலேயும் ஒரு சாக்கெட் இருக்கிறது. அது கடித்தால் எவ்வளவு நல்ல மூட்டும் துணிப்பைக்குள்தான் போகும். கணினித் திரையிலேயே அச்சைத் திருத்தினாலும், எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்று ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதைத் தெரிந்த நீங்கள் வீட்டில் உட்கார்ந்து நாவல் படிக்கப் போகிறேன் என்கிறீர்கள்!

படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புத்தகப் பட்டியல் தனியாக அனுப்புகிறேன். ஆனால் உங்கள் விரலுக்குத் தெரிந்ததைத் தாளில் இறக்காமல் போனீர்கள் என்றால் உங்களை நான் மன்னிக்கமாட்டேன். செயற்கைக் கால், காலிபர் செய்யும் படிப்பை நான்கரை ஆண்டு படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் அது கையில் கிடைக்க வேண்டும். எழுத வருமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பட்டறையில் பக்கத்தில் நிற்கும் பையனிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். பிழை திருத்துவது என் பொறுப்பு. முழங்காலுக்குக் கீழான சாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் பகுதியைத் தை பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள்.