முதலுதவிப் பயிற்சி மறந்துபோவது பற்றி

வணக்கம். கோப்பாயில் தொண்டர்களுக்கு நீங்கள் நடத்தும் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி ஒரு மாதத்துக்குள் மறந்துவிடுகிறது என்றும், முழு வகுப்பையும் திரும்ப நடத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது தேவையில்லை என்பதே என் கருத்து.

எபிங்கவுஸ் என்ற செருமானிய அறிஞர் பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதித்து 1885 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறதி முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது. ஆகவே முதல் மீட்டலை, அதாவது படித்ததை மீண்டும் நினைவுபடுத்துவதை, மறுநாளே வைத்து, பின்னர் நான்காம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

குறிப்பைத் திரும்ப வாசிக்கச் சொல்வதில் பயன் குறைவு. கொப்பியை மூடிவைக்கச் சொல்லி, "இதயம் நின்றுபோன வளர்ந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்த வேண்டும்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டு, அவர்கள் நினைவிலிருந்து விடை எழுதிய பின்னரே 100 முதல் 120 வரை என்று அனுப்புங்கள். தவறியவர்களுக்கு அதே வினா இரண்டு நாளில் மீண்டும் போக வேண்டும். தோட்டங்களும் வயல்களும் நிறைந்த நம் ஊரில் பாம்புக்கடி வினாக்களை, குறிப்பாகக் கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ கூடாது என்பதை, நான் ஒரு சுற்றிலும் விடமாட்டேன்.

நெஞ்சை அழுத்தும் ஆழம் மட்டும் கைப்பழக்கம். அதற்குப் பயிற்சிப் பொம்மையோடு நேரில்தான் மீட்ட வேண்டும்.