மாட்டு டாக்டருக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் ஓவரா இல்லையா?

கேள்வி கேட்டவர் கீழேயே விளக்கமும் போட்டிருக்கார்: "தேசப் பாதுகாப்புலயும் உணவுப் பாதுகாப்புலயும் கால்நடை மருத்துவர்கள் தலைமை தாங்கணும்னு ஒரு கட்டுரையில படிச்சேன். சிரிப்புதான் வந்துச்சு."

சிரிங்க, தப்பில்ல. வீட்டுக்குக் கறி டப்பாவுல வந்து சேர்ற ஆளா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. வியாசர்பாடியில ஆட்டுக்கறிக் கடை. தாத்தா ஆரம்பிச்சது, நைனா நடத்தினது, இப்ப என் கையில. "உனக்கு இதுல என்ன தெரியும்"னு கமெண்ட் போட வர்றவங்க இப்பவே போட்டுட்டுக் கிளம்பலாம். என் பொண்ணு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில பி.வி.எஸ்ஸி மூணாவது வருஷம். கீழே புத்தக விஷயம் ஏதாவது வந்தா அது அவகிட்ட கேட்டு எழுதினது. பொண்ணைப் பெருமை பேசத்தான் எழுதறேன்னு சொல்லாதீங்க. கொஞ்சம் அதுவும்தான்.

2018 நவம்பர். அப்பதான் கார்த்திகை பொறந்திருந்துச்சு. மாலை போட்டவங்க கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க, வழக்கமாவே வியாபாரம் மந்தம். அந்தச் சனிக்கிழமை எழும்பூர் ஸ்டேஷன்ல, ஜோத்பூர்லேருந்து வந்த ரயில்ல 2,000 கிலோவுக்கு மேல கறி பிடிபட்டுச்சு. தோல் உரிச்ச முழு உடம்புங்க. வால் நீளமா இருந்துச்சாம். யாரோ ஒருத்தர் வாயிலேருந்து "நாய்"னு ஒரு வார்த்தை விழுந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள டிவியில ஓடுது, வாட்ஸப்ல ஓடுது, சென்னையில நாய்க்கறி பிரியாணின்னு.

நம்மூரு ஆட்டுக்கு வால் குட்டை. ராஜஸ்தான் பக்கம் நீள வால் ரகமெல்லாம் உண்டு. இதைச் சொல்ல பெரிய படிப்பு வேணாம், என் கடையில கட்டை கழுவுற பையன் சொல்லியிருப்பான். பெட்டியில வந்த கறியைப் பிடிச்சதே தப்புன்னு நான் சொல்லல. கறி எந்த லட்சணத்துல வருதுன்னு பார்க்க வேண்டியது அதிகாரிங்க வேலை, நல்லா பார்க்கட்டும். ஆனா அது என்ன கறின்னு தெரியறதுக்கு முன்னாடியே ஊருக்கே பேர் வெச்சுட்டாங்களே, அதுதான் வயித்தெரிச்சல்.

மறுநாள் ஞாயிறு. விடிகாலையில நாலு ஆடு தொங்க விட்டோம். மத்த ஞாயிறுல 11 மணிக்கெல்லாம் கொக்கி காலியாகி, எலும்புக்கும் கொழுப்புக்கும் சண்டை நடக்கும். அன்னைக்கு மதியம் 2 மணிக்கு ரெண்டரை ஆடு அப்படியே தொங்குது. நைனா காலத்துலேருந்து எங்ககிட்ட குடல் வாங்கற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. படியேறாம வாசல்லயே நின்னு, "தம்பி, தப்பா நெனச்சுக்காத, அந்தத் தலையைக் கொஞ்சம் எடுத்துக் காட்டேன்"னாங்க. காட்டினேன். ஆட்டுத்தலை. கொம்போட இருக்கு. ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "சரிப்பா, அடுத்த வாரம் வரேன்"னு போயிட்டாங்க. கொம்பு வெச்ச நாயை அவங்க எங்க பார்த்தாங்கன்னு நான் கேக்கல. கேக்கற நெலமையில நான் இல்ல.

ரெண்டு தெரு தள்ளி பிரியாணிக் கடை வெச்சிருக்கற பாய் எங்கிட்டதான் கறி எடுப்பாரு. அன்னைக்கு ராத்திரி வந்து, "நாளைக்கு அனுப்பாத தம்பி, அரை அண்டா கூட போகல"ன்னாரு. கடையில நேரா நின்னு ஜாடையா என்னென்னவோ கேட்டிருக்காங்க. அதையெல்லாம் இங்க எழுதல.

அந்த நாலஞ்சு நாள்ல பேசாத ஆளே இல்ல. போலீஸ் பேசினாங்க, அதிகாரிங்க பேசினாங்க, டிவியில கோட்டு போட்டவங்க கையை ஆட்டிப் பேசினாங்க. எல்லார் வாயையும் மூடினது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோட பரிசோதனை முடிவு. ஆட்டுக்கறிதான். முடிஞ்சுது கதை.

அந்தக் கல்லூரி 1903லேருந்து இருக்கு. எழும்பூர் ஸ்டேஷன்லேருந்து ஆட்டோ ஏறினா பத்து நிமிஷம். முதல்ல அவங்களைக் கேட்டுட்டு அப்புறம் வாயைத் திறந்திருந்தா என் ரெண்டரை ஆடு வீணாகியிருக்காது. கால்நடை மருத்துவர் தலைமை தாங்கணும்னு அந்தக் கட்டுரையில எழுதியிருந்தா, நான் புரிஞ்சுக்கறது இவ்ளோதான்: மாதிரி பாட்டிலை வாங்கி ரிப்போர்ட் மட்டும் எழுதற ஆளா வெக்காம, என்ன செய்யலாம்னு முடிவு பண்ற இடத்துல முதல் நாளே அவங்களையும் உக்கார வெக்கணும். அவங்க பட்டாளத்தை நடத்தணும்னு யாரும் சொல்லல. பட்டாளத்துலயே அவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்குங்கறது வேற விஷயம். ரீமவுன்ட் அண்ட் வெட்டரினரி கோர், சுருக்கமா ஆர்விசின்னு பேரு, வேர் 1779 வரைக்கும் போகுது.

"இதெல்லாம் வதந்தி, உணவுப் பாதுகாப்புன்னு எப்படிச் சொல்வே"ன்னு அடுத்து கேப்பீங்க. மூணு வேற வேற விஷயத்துக்குத் தமிழ்ல ஒரே பேரை வெச்சுக் குழப்பிக்கறோம்னு பொண்ணு சொல்றா. எல்லாருக்கும் சோறு போதுமான்னு பாக்கறது ஒண்ணு. தெரியாம கிருமியோ விஷமோ சேர்ந்துடாம பாக்கறது இன்னொண்ணு. எவனாவது வேணும்னே கலந்துட்டா என்ன பண்றதுங்கறது மூணாவது. இந்த மூணாவதுக்கு அமெரிக்காவுல 2004லயே அதிபர் உத்தரவு போட்டாச்சு. காரணம் இல்லாம இல்ல. 1984ல ஓரிகன் பக்கம் ஒரு சாமியாரோட ஆளுங்க, நம்ம நாட்டுலேருந்து போன சாமியார்தான், உள்ளூர் எலெக்‌ஷன்ல ஜெயிக்கறதுக்காக ஓட்டல் சாலட்ல சால்மொனெல்லா கிருமியைக் கலந்து 751 பேரைப் படுக்க வெச்சாங்க. முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க எதிராளி பட்டாளத்துக்குப் போற குதிரைங்களுக்கே நோயை ஏத்தி விட்டாங்க. லாரி, டேங்க் எல்லாம் கொஞ்சமா இருந்த காலம், குதிரை படுத்தா பட்டாளமே படுத்த மாதிரி.

வதந்தியும் அந்த மூணாவது கணக்குலதான் வரும்ங்கறது என் கட்சி. பொண்ணு ஒத்துக்கல, புத்தகத்துல அப்படி இல்லையாம். புத்தகம் எழுதினவரு ஞாயித்துக்கிழமை கறி வித்திருக்க மாட்டாரு.

அவ சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நியூயார்க் கதை. 1999ல அங்க ஆளுங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு. மனுஷ டாக்டருங்க, கொசுவால வர்ற செயின்ட் லூயிஸ் வகைன்னு முடிவு கட்டிட்டாங்க. அதே சமயத்துல ஊர்ல காக்கா கொத்துக் கொத்தா செத்து விழுது, பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில பூநாரை சாவுது. அங்க வேலை பார்த்த கால்நடை டாக்டர் டிரேசி மெக்னமாரா, "நீங்க சொல்ற நோய்ல பறவை சாகாது, இது வேற என்னமோ"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்க. சீக்கிரம் யாரும் காது குடுக்கல. கடைசியில பார்த்தா வெஸ்ட் நைல், அந்தக் கண்டத்துக்கே புதுசு. காக்கா செத்தா மனுஷனுக்கு என்னன்னு கேக்கற ஊர் அங்கயும் இருக்கு போல.

நம்மூருக்கு வரேன். சின்ன வயசுல நைனாகூட விடிகாலையில புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு, அதான் ஆடு அறுக்கற கூடத்துக்கு, போவேன். அங்க கால்நடை டாக்டர் ஆட்டை உயிரோட ஒரு தடவை பார்ப்பாரு, நடக்குதா, மூக்கு ஒழுகுதான்னு. அறுத்தப்புறம் ஈரல், நுரையீரல், நிணநீர் முடிச்சு எல்லாம் தொட்டுப் பார்த்துட்டுத்தான் தொடையில சீல். ஒரு நாள் எங்க ஆட்டு ஈரல்ல நீர்க்கட்டின்னு சொல்லி முழு ஈரலையும் ஒதுக்கிட்டாரு. நைனாவுக்குக் கோவம். "சார், கட்டியை மட்டும் அறுத்துப் போட்டுடறேன், மீதியைக் குடுங்க."

"எங்க போடுவ? நாய்தான திங்கும். நாய் வயித்துல புழுவாகி, அந்த நாய்கூட வெளையாடற உன் புள்ளை ஈரல்ல வந்து உக்காரும், பரவாயில்லையா?"

நைனா திரும்பி என்னைப் பார்த்தாரு. அப்ப நான் தெருநாய் ஒண்ணை எங்க வீட்டுத் திண்ணையிலயே வளர்த்துட்டு இருந்தேன்.

எல்லா டாக்டரும் தங்கம்னு சொல்ல வரல. ஆட்டைத் திரும்பிக் கூடப் பாக்காம சீல் குத்தற ஆளையும் பார்த்திருக்கேன். இன்னொண்ணும் ஒத்துக்கறேன், பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தா கோழிக்கடைக்காரன் அழுவான், எனக்கு வியாபாரம் ஏறும். 2021 ஜனவரியில கேரளாவுல வாத்துங்களுக்கு வந்தப்ப அப்படித்தான் ஆச்சு. போபால் ஆய்வகத்துலேருந்து முடிவு வந்தாத்தான் நோய் உறுதி, அதுவரைக்கும் நாமக்கல் முட்டை லாரியெல்லாம் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கும். பள்ளிக்கூடச் சத்துணவுக்குப் போற முட்டையும் அதுல சேர்த்திதான்.

இவ்ளோ எழுதினதோட ஒண்ணு சொல்லிக்கறேன், கேள்விக்குச் சம்பந்தமில்ல. எங்க கொலை நடந்தாலும் பேப்பர்காரங்க "கசாப்புக் கடைக்காரர் போல வெட்டி"ன்னு எழுதறதை எப்ப நிறுத்துவீங்க? "ஆடு கசாப்புக் கடைக்காரனைத்தான் நம்பும்"னு ஒரு பழமொழி வேற. எங்க மூணு தலைமுறையில ஒருத்தர் மேல ஒரு கேஸ் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போனது ஒரே தடவை, பொண்ணு சைக்கிள் தொலைஞ்சப்ப.

"மாட்டு டாக்டர்"னு கேள்வியில போட்டிருக்கீங்களே, அதுக்கும் ஒரு வரி. இந்த உலகத்துல மனுஷன் அடியோட ஒழிச்ச நோய் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பெரியம்மை. இன்னொண்ணு மாட்டுக்கு வர்ற வெக்கை நோய், 2011ல ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. ரெண்டாவது யார் ஒழிச்சதுன்னு நீங்களே சொல்லிக்கோங்க.

நாய்க்கறி விவகாரத்தைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புல சேர்ந்தியான்னு பொண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் இல்லப்பா, எனக்கு நாய் புடிக்கும்"னா.

பாய் அந்த ரிசல்ட் வந்த அன்னைக்கு பேப்பரைக் கத்தரிச்சு கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டினாரு. மசாலாவும் எண்ணெய்யும் பட்டு மஞ்சளாயிடுச்சு, எழுத்து மட்டும் இன்னும் தெரியுது. போன மாசம் நான் கறி போட்டுட்டு நிக்கறப்ப, பார்சலுக்குக் காத்திருந்த ஒருத்தர் அதை எட்டி நின்னு படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டு பாயைப் பார்த்துக் கேட்டாரு: "அப்ப அது நாய்க்கறி இல்லையா?"