ஆஞ்சைனா என்றால் என்ன? அதற்கு மாத்திரையை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள்?

இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காதபோது வரும் நெஞ்சுவலிதான் ஆஞ்சைனா. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி ரத்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகுவதே பெரும்பாலும் காரணம். பாதி அடைத்த பைப்பில் ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும். நாலையும் திறந்தால்தான் குறை தெரியும். அப்படித்தான், உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லாதவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவில் பாறையை வைத்தாற்போல் அழுத்தும். இடது கை, தாடை, முதுகு வரைகூடப் பரவலாம். நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அடங்கும்.

இந்த வலிக்கு மருத்துவர் தந்த நைட்ரோகிளிசரின் மாத்திரையை உட்கார்ந்தபடி நாக்குக்கு அடியில் வையுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் நின்றால் தலை சுற்றி விழ நேரும். விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், நாக்குக்கு அடியில் வைத்தால் நேராக ரத்தத்தில் கலக்கும், அதனால்தான் அங்கே வைக்கச் சொல்கிறார்கள். சில்டெனாஃபில் (வயாக்ரா) எடுத்து 24 மணி நேரம் ஆகாதவர்கள் இதைத் தொடவே கூடாது. 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டாலும், ஓய்வில் இருக்கும்போதே வந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

வலி நின்றதும் அடைப்பு கரைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மாத்திரை குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைத்தான் குறைக்கிறது, அடைப்பு அங்கேயேதான் இருக்கும், அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், சிலருக்குக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்று தனிச் சிகிச்சை வேண்டும்.