பந்து வலப்பக்கம் வளைந்தால் முதலில் இடுப்பைப் பாருங்கள்

ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் நீங்கள் அடிக்கும் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்கிறீர்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இப்படி ஆனால், கிளப் (பந்தை அடிக்கும் கோல்) பந்தை நோக்கி இறங்கும்போது தோள் இடுப்பை முந்துகிறது. பிடியை மாற்றி இது தீராது, திரும்பும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். கிளப்பைப் பின்னால் தூக்கும்போது தோள் சுமார் 90 டிகிரியும், இடுப்பு 45 டிகிரியும் திரும்பும் முன்பே அடிக்கப் போய்விடுகிறோம்.

கிளப்பை மார்புக்குக் குறுக்கே அணைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பி நில்லுங்கள். முதுகு இலக்கைப் பார்த்தபடியே இருக்க, எடையை இடக்காலுக்கு மாற்றி இடுப்பை மட்டும் திறந்து பாருங்கள். கிளப் முனையும் கூடவே சுழன்றுவிட்டால் கோளாறு அங்கேதான். இது சரியான பிறகு 7 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் கிளப்) அரை வேகத்தில் அடியுங்கள். அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவர் அதுவரை பையிலேயே இருக்கட்டும்.

சரிவில் மட்டும் கவனம்: பந்து பாதத்துக்குக் கீழே கிடந்தால் நல்ல ஸ்விங்கிலும் (கிளப் வீச்சிலும்) வலப்பக்கம் போகவே பார்க்கும். அங்கே சற்று இடப்பக்கமாகக் குறிவையுங்கள், ஸ்விங்கைத் திருத்தாதீர்கள்.