அப்பாயியின் சிகிச்சைக்குப் பேத்தி தனிநபர் கடன் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பாயிக்கு வயது 72. லால்குடியில் என் பெற்றோருடன் இருக்கிறார். சென்ற மாதம் அவருக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் திசு எடுத்துப் பரிசோதித்து, மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று சொன்னார்கள். இன்னொரு பரிசோதனை அறிக்கை வர வேண்டியிருக்கிறது. மொத்தம் எட்டு முதல் பத்து லட்சம் வரை ஆகலாம் என்று வாய்மொழியாகக் கூறினார்கள். தாத்தா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் காலமான பின் அப்பாயிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 2023 ஜூனில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 5 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு கணக்குகள் தொடங்கினார். 22 பவுன் நகையும் குடியிருக்கும் வீடும் அவர் பெயரில் உள்ளன. அப்பா மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். ஓர் அத்தையும் சித்தப்பாவும் வெளியூரில் இருக்கிறார்கள். நான் சென்னையில் மாதம் 48,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். என்ன நோய் என்று அப்பாயியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று அப்பா பயப்படுகிறார். அவர் பணத்தைத் தொடாமல், நான் 8 லட்சம் தனிநபர் கடன் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இது சரியா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அப்பாயி நலம் பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கேட்டதற்கு நேரடியான பதில்: இந்தக் கடனை வாங்க வேண்டாம். எட்டு லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 18,600 ரூபாய் வரும். கடன் முடியும்போது நீங்கள் கட்டியிருக்கும் வட்டி மட்டும் 3 லட்சத்து 17 ஆயிரம். சென்னையில் வாடகை கொடுத்து வாழும் ஒருவரின் சம்பளத்தில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. நடுவில் வேலைக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தச் சுமை திரும்ப உங்கள் அப்பாவின் தலையில்தான் விழும். பாசத்தினால் எடுக்கும் முடிவு என்பது புரிகிறது; ஆனால் உங்கள் குடும்பத்தில் இதைவிடப் பல மடங்கு மலிவான வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அப்பாயி தமிழ்நாடு அரசின் குடும்ப ஓய்வூதியர். அரசு ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது; அதற்கான சந்தா ஓய்வூதியத்திலிருந்தே மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. பிடித்தம் போகத்தான் பணம் வங்கிக்கு வருகிறது என்பதால், தமக்குக் காப்பீடு இருப்பதே தெரியாத முதியவர்கள் பலர் உண்டு. அவருடைய ஓய்வூதியச் சீட்டை எடுத்து, மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காப்பீட்டு அடையாள அட்டை வீட்டில் எங்கேனும் தாத்தாவின் கோப்புகளுக்கிடையே கிடக்கலாம். கிடைக்காவிட்டால் ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணுடன் அப்பா லால்குடி சார்கருவூலத்துக்குச் சென்று கேட்கட்டும். இப்போது பார்க்கும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில், அதுவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு, இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் பணம் கட்டிச் சிகிச்சை செய்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறலாம் என்று நம்பி இறங்குவது பெரும்பாலும் நீண்ட அலைச்சலில் முடிகிறது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி பெற்ற பிறகே சிகிச்சைக்குச் சேர்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கீமோ சிகிச்சைக்காகக் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் நாட்களுக்கும் இது பொருந்தும்.

இதைத் தவிர, 70 வயது நிறைந்த எவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 29 அக்டோபர் 2024 அன்று தொடங்கியது. ஆதாரில் உள்ள வயதுதான் அதற்கு ஆதாரம். 14555 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இந்த இரண்டில் எதை ஏற்கிறார்கள், எது அப்பாயிக்குப் பொருந்தும் என்பதை அதே காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். இனிமேல் புதிதாகத் தனியார் காப்பீடு எடுத்து இந்த நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அடுத்து, அந்த எட்டு முதல் பத்து லட்சம் என்ற தொகை. வர வேண்டிய அறிக்கை, கட்டியின் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் உள்ளனவா என்று பார்க்கும் பரிசோதனையாக இருக்க வேண்டும். செலவின் அளவைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்றால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். அது விலை குறைவான மாத்திரை. ஹெர்-2 உள்ள வகை என்றால், டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஓராண்டுக்குத் தருவது வழக்கம். செலவு கூடும், ஆனால் அது ஓராண்டுக்குப் பரவி வரும் செலவு, முதல் நாளே மொத்தமாகக் கட்டும் செலவு அல்ல. இந்த மருந்துக்கு நிகரான இந்தியத் தயாரிப்புகள் 2014 முதல் சந்தையில் உள்ளன, மூல மருந்தைவிட விலை குறைவு. மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஹெர்-2 முடிவு இரண்டு பிளஸ், அதாவது உறுதியாகச் சொல்ல முடியாத நிலை, என்று வந்தால் ஃபிஷ் என்ற மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அறிக்கை வந்ததும் அறுவைச் சிகிச்சை, கீமோ எத்தனை சுற்று, கதிர்வீச்சு எத்தனை நாள், மருந்து எந்தத் தயாரிப்பு என்று பிரித்து எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அதே அறிக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலோ புதுச்சேரி ஜிப்மரிலோ இரண்டாவது கருத்துப் பெறுவதும் நன்று. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு நிறுவனம் லாப நோக்கமற்றது. கட்டண வேறுபாட்டை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பணத்தை ஒழுங்கு செய்வதற்காகச் சிகிச்சையை ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவர் குறித்த தேதிக்குள் மற்றவற்றை முடியுங்கள்.

காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் செலவுக்கு அப்பாயியின் அஞ்சலகக் கணக்கே முதல் ஆதாரம். அவர் தெரிந்தோ தெரியாமலோ பணத்தை இரண்டு கணக்குகளாகப் போட்டிருப்பது இப்போது மிகவும் உதவுகிறது. இந்தத் திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, மூடினால் முழுவதும் மூட வேண்டும். அதன் பேரில் கடனும் கிடையாது. இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் முன்கூட்டி மூடுவதற்குப் பிடித்தம் அசலில் 1 சதவீதம். 4 லட்சம் உள்ள கணக்கை மட்டும் மூடினால் இழப்பு 4,000 ரூபாய். நீங்கள் வாங்க நினைத்த கடனின் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வட்டியை இதனுடன் சேர்த்து வைத்துப் பாருங்கள். மூடிய கணக்கு காலாண்டுதோறும் தந்துகொண்டிருந்த 8,200 ரூபாய் வட்டி நின்றுவிடும் என்பது உண்மைதான். 5 லட்சம் கணக்கின் 10,250 ரூபாயும் ஓய்வூதியமும் தொடர்ந்து வரும்.

இங்கேதான் நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிச் சென்ற செய்திக்கு வருகிறேன். கணக்கை மூட அப்பாயிதான் கையெழுத்திட வேண்டும். எதற்கென்று சொல்லாமல் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது, அது அவருடைய நன்மைக்காகவே என்றாலும், முறையல்ல. கீமோ தொடங்கி முடி கொட்டும்போது அவரே புரிந்துகொள்வார். அப்போது நோயைவிட, வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைத்தார்கள் என்பதுதான் அவரை அதிகம் வருத்தும். கணவரை இழந்த பிறகு ஓய்வூதியத்தை வாங்கி, தன் சேமிப்பைத் தானே இரண்டு கணக்குகளாகப் பிரித்துப் போட்ட பெண்மணி அவர். தன் பணம் தனக்கே செலவாவதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. மருத்துவரை வைத்துக்கொண்டு, அப்பாவும் அத்தையும் உடனிருக்க, இரண்டாம் நிலை என்பது குணப்படுத்தும் நோக்கத்துடன் சிகிச்சை தரும் நிலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் தெம்பாக இருக்கும்போதே அவரும் அப்பாவும் சேர்ந்து, இருவரில் எவரும் இயக்கக்கூடிய ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கட்டும். மூடிய கணக்கின் பணம் அதில் வரட்டும். நியமனதாரராக (நாமினி) பெயர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குதாரர் உயிருடன் இருக்கும் வரை நியமனதாரரால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஓய்வூதியம் வரும் வங்கியிடம், 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து தரும் சேவையையும் கேட்டு வையுங்கள்.

நகையை விற்க வேண்டாம். காப்பீடும் 4 லட்சமும் போதாமல் போனால், அப்பாயியின் சம்மதத்துடன் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைக்கலாம்; தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு. உங்கள் திருமணத்துக்கென்று அவர் எடுத்து வைத்த நகையாக இருந்தால், இதைக் கேட்க உங்களுக்கு எத்தனை சங்கடமாக இருக்கும் என்பது தெரிகிறது. வீட்டை விற்பதோ, இந்தச் சமயத்தில் யார் பெயருக்கேனும் செட்டில்மென்ட் எழுதுவதோ கூடவே கூடாது. நோயுற்றவரிடம் சொத்தை எழுதி வாங்கினார்கள் என்ற பேச்சு எழுந்தால் உடன்பிறந்தவர்களுக்குள் அது பல ஆண்டுகள் ஆறாது.

சென்னைக்கு வந்துபோக நேர்ந்தால், மருத்துவமனைச் சான்றின் பேரில் புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. வருமான வரியில் இத்தகைய நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான சலுகை பழைய வரி முறையில் மட்டுமே. பேத்தி என்ற முறையில் உங்களுக்கு அது கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது என்று ஒன்று கேட்டால், உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு தொகையை, 6,000 அல்லது 7,000 ரூபாயை, மாதாமாதம் அந்தக் கூட்டுக் கணக்கில் செலுத்துங்கள். உங்களுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இப்போதே எடுங்கள். குடும்பத்தில் இந்த நோய் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். அத்தையிடமும் சித்தப்பாவிடமும் இவ்வளவு தாருங்கள் என்று கேட்பதற்கு முன், எழுத்தில் வாங்கிய மதிப்பீட்டையும் காப்பீடு ஏற்கும் தொகையையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பில்லையும், காப்பீட்டில் போனது எவ்வளவு, கையிலிருந்து போனது எவ்வளவு என்று ஒரே நோட்டில் அப்பா எழுதி வரட்டும். அந்த நோட்டை யார் வந்தாலும் பார்க்கும்படி அப்பாயியின் வீட்டிலேயே வையுங்கள்.